ஹன்னா செனெஷ்: 23 வயதில் சுட்டுக் கொல்லப்பட்ட பாராசூட் வீராங்கனை

நெய்தல் (இழையைத் தொடங்கியவர்)

இந்தப் பகுதியில் இரண்டாம் உலகப் போரின் நார்மண்டி, ஆர்னெம் என்று ஆயிரக்கணக்கானவர்கள் ஒன்றாகக் குதித்த போர்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இருட்டில் நாலைந்து பேராகக் குதித்து, திரும்பாமலே போனவர்களுக்கும் ஒரு இழை இருக்கட்டும். என் மனதை விட்டுப் போகாத ஒருவரோடு தொடங்குகிறேன்.

ஹன்னா செனெஷ் 1921 ஜூலை 17 அன்று புடாபெஸ்ட்டில் பிறந்தவர். அப்பா பேலா செனெஷ் நாடக ஆசிரியர், பத்திரிகையாளர். மகளுக்கு ஆறு வயதாகும்போதே இறந்துவிட்டார். அம்மா காத்தலின்தான் ஹன்னாவையும் அண்ணன் கியோராவையும் வளர்த்தார். யூதக் குடும்பம் என்றாலும் மதப் பிடிப்பு அதிகமில்லை. வீட்டில் பேசியது, படித்தது, எழுதியது எல்லாம் ஹங்கேரி மொழி. ஹன்னா 13 வயதில் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தார். எழுத்தாளராக வேண்டும் என்பதுதான் ஆசை.

அவர் படித்தது புராட்டஸ்டண்ட் பெண்கள் பள்ளி. யூதப் பிள்ளைகள் அங்கே கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். பள்ளியின் இலக்கிய மன்றத்தில் ஒரு பொறுப்புக்குத் தோழிகள் இவரைத் தேர்ந்தெடுத்தார்கள். யூதப் பெண் அந்தப் பொறுப்பில் இருக்கக்கூடாது என்று மறுத்துவிட்டார்கள். 1938இல் ஹங்கேரி அரசே யூதர்களின் வேலையையும் தொழிலையும் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது. நல்ல மதிப்பெண்ணோடு பள்ளியை முடித்த பெண், ஹீப்ரு கற்றுக்கொண்டு, போர் தொடங்கிய அதே 1939 செப்டம்பரில் பாலஸ்தீனத்துக்குப் புறப்பட்டார். போய்ச் சேர்ந்தது பல்கலைக்கழகத்தில் இல்லை, நஹலால் என்ற ஊரின் பெண்கள் வேளாண் பள்ளியில்.

இரண்டு ஆண்டு அங்கே. பிறகு சிசேரியா கடற்கரையில் ஸ்தோத் யாம் என்ற கிபுட்சில், அதாவது கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில், சேர்ந்தார். சமையற்கட்டு, துணி வெளுக்கும் இடம், இவைதான் கிடைத்த வேலைகள். எனக்கு அவர்மேல் பிரியம் வந்தது இந்த இடத்தில்தான். கூட்டு வாழ்க்கையை முழுமனதாக நம்பியே போனவர், ஆனாலும் தன் திறமை துணி மூட்டைக்குள் வீணாகிறதே என்று நாட்குறிப்பில் மருகுகிறார். தனிமையையும் மறைக்கவில்லை. இன்று அவரைச் சிலையாக மட்டும் பார்ப்பவர்கள் அந்தப் பக்கங்களையும் படிக்க வேண்டும். அங்கே இருப்பது முடிவெடுக்கத் தெரியாமல் தவிக்கும் ஒரு இருபது வயதுப் பெண்.

1943 ஜனவரியில் அவருக்குத் திடீரென்று ஒரு எண்ணம். ஹங்கேரிக்குத் திரும்பிப் போக வேண்டும், இளைஞர்களை வெளியேற்ற உதவ வேண்டும், அம்மாவையும் அழைத்து வந்துவிட வேண்டும். இதை எழுதியபோது, பாலஸ்தீனத்திலிருந்து யூத இளைஞர்களைப் பிரிட்டிஷ் ராணுவத்தின் மூலம் பாராசூட்டில் ஐரோப்பாவுக்கு அனுப்பும் திட்டம் வேறு இடத்தில் ஏற்கனவே உருவாகிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

மீதியைப் பிறகு எழுதுகிறேன். தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்ளுங்கள்.

பழைய சிப்பாய்

நல்ல தொடக்கம் அம்மா. நான் ஆக்ராவில் பாராசூட் பயிற்சி எடுத்தவன். குதிப்பைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை.

அன்றைக்கும் இன்றைக்கும் அடிப்படை ஒன்றுதான். பாராசூட் பையை விமானத்தோடு இணைக்கும் கயிறு ஒன்று உண்டு, ஸ்டாடிக் லைன் என்போம். ஆள் விழும்போது அதுவே இழுத்துக் குடையைத் திறந்துவிடும், நாம் எதையும் இழுக்க வேண்டியதில்லை. தரை தொடும்போது இரண்டு காலையும் ஒட்டி வைத்து, முழங்காலைச் சற்று மடக்கி, பக்கவாட்டில் உருள வேண்டும். பகலில் தரை தெரியும், உடம்பு தன்னால் தயாராகும். ராத்திரியில் தரை எப்போது வரும் என்றே தெரியாது. காலை முன்னாடியே நீட்டினால் கணுக்கால் போய்விடும்.

எங்களுக்குக் கீழே ஆம்புலன்ஸ் நிற்கும். தரை தொட்டதும் தேநீர் கிடைக்கும். அந்தப் பெண் குதித்தது ஜெர்மானியர் சுற்றி நிற்கும், ஹங்கேரிக்குப் பக்கத்து நாடான யூகோஸ்லாவியாவில், ராத்திரியில், மார்ச் மாதக் குளிரில். பயிற்சியும் சில வாரங்கள்தான். குதிப்பது ஒரு நிமிட வேலை, அதைப் பழக்கிவிடலாம். குதித்த பிறகு மாதக்கணக்கில் எதிரி நிலத்தில் இருப்பதற்கு எந்தப் பள்ளியிலும் பயிற்சி இல்லை.

தறி

நெய்தல், ஒன்று கேட்க வேண்டும். இந்தக் குழுவால் நடந்தது என்ன? பாலஸ்தீனத்திலிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பியவர்கள் முப்பத்துச் சொச்சம் பேர், அதில் 7 பேர் கொல்லப்பட்டார்கள். ஹன்னா ஹங்கேரிக்குள் காலெடுத்து வைத்ததும் பிடிபட்டார். அவர் கையால் ஒரு ஆள்கூடத் தப்பவில்லை. தியாகம் என்று சொல்லிவிட்டால் திட்டம் போட்டவர்களின் பொறுப்பு மறைந்துபோகிறது. எனக்கு அதுதான் உறுத்தல்.

ஆற்றங்கரை

தறி கேட்பது நியாயமான கேள்வி. பதிலைத் தேதிகளில் தேடலாம்.

முதலில், இந்தப் பணிக்கு இரண்டு எஜமானர்கள். பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வேண்டியது ஐரோப்பிய மொழி பேசத் தெரிந்த வானொலி ஆட்கள். சுட்டு வீழ்த்தப்பட்ட நேச நாட்டு விமானிகளைத் தப்பிக்க வைக்க, உளவுச் செய்தி அனுப்ப. யூத அமைப்புகளுக்கு வேண்டியது அங்கே மாட்டிக்கொண்ட மக்களோடு ஒரு தொடர்பு. நூற்றுக்கணக்கில் அனுப்பலாம் என்று இவர்கள் கேட்டார்கள். பிரிட்டன் ஒத்துக்கொண்டது சில டஜன் பேருக்குத்தான். அதனால் இதை மீட்புப் படை என்று நினைத்துக்கொண்டு வெற்றி தோல்வி பேசினால் கணக்குத் தப்பாகும். இவ்வளவு சிறிய குழுவால் யூதர்களைக் கொலை முகாமுக்குக் கொண்டு போகும் ரயில்களை நிறுத்த முடியாது என்பது அனுப்பியவர்களுக்கும் தெரியும்.

இரண்டாவது, காலம். ஹன்னா 1943இல் பிரிட்டிஷ் விமானப்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். எஸ்.ஓ.இ. என்ற ரகசிய அமைப்பு அவரை எடுத்துக்கொண்டது. வானொலிப் பயிற்சி, பாராசூட் பயிற்சி, எகிப்தில் காத்திருப்பு. எகிப்துக்குப் புறப்படுகிற நேரம் பார்த்து, பல ஆண்டுகளாகக் காணாத அண்ணன் கியோரா பிரான்ஸ், ஸ்பெயின் வழியாகத் தப்பிப் பாலஸ்தீனம் வந்து சேர்ந்தார். அண்ணனும் தங்கையும் சேர்ந்திருக்கக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான். எங்கே போகிறேன் என்பதைக்கூட ஹன்னாவால் வெளிப்படையாகச் சொல்ல முடியவில்லை.

1944 மார்ச் நடுவில் யூகோஸ்லாவியாவில் குதித்தார். ஒரு வாரத்துக்குள், மார்ச் 19 அன்று, ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் நுழைந்துவிட்டது. அதுவரை ஹங்கேரி ஹிட்லரின் கூட்டாளியாக இருந்தாலும் அங்கே யூதர்கள் பெரும்பாலும் உயிரோடு இருந்தார்கள். ஹன்னா போட்டு வைத்திருந்த திட்டம் எல்லாம் அந்தப் பழைய ஹங்கேரிக்கு. செய்தி கேட்டதும் அழுதார் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

மே 15 முதல் ஜூலை 9 வரை, எட்டே வாரத்தில், 4,30,000 பேருக்கு மேல் ஹங்கேரியிலிருந்து ரயிலேற்றப்பட்டார்கள். பெரும்பாலும் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு. ஹன்னா எல்லையைத் தாண்டியது ஜூன் தொடக்கத்தில், அந்த ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தபோது. தாமதமாகிவிட்டது என்று அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் போனார்.

தறி

தெரிந்தே அனுப்பினார்களா, தெரிந்தே போனாரா? இரண்டும் ஒன்றல்லவே.

நெய்தல்

தறி, அவர் தானே போனார். கூட இருந்த சிலர், நிலைமை மாறிவிட்டது, பொறுக்கலாம் என்றார்கள். மூன்று மாதம் யூகோஸ்லாவியாவில் ஜெர்மானியரை எதிர்த்த டிட்டோவின் கெரில்லாப் படையோடு காடும் மலையுமாக அலைந்த பிறகு, இனி காத்திருக்க முடியாது என்று பிடிவாதமாக நின்றவர் அவர். அது சரியான முடிவா என்று கேட்டால், ராணுவக் கணக்கில் இல்லை என்றே சொல்வேன். ஆனால் அம்மா அந்த ஊரில் இருக்கிறார். அந்த எட்டு வாரத்தில் ஒவ்வொரு நாளும் எத்தனை ரயில் போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

எல்லை தாண்டும் முன் தோழர் ருவன் டாஃப்னியின் கையில் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். தீக்குச்சியைப் பற்றிய நான்கு வரிக் கவிதை. மே மாதத்தில் எழுதியது. இன்று இஸ்ரேலில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

எல்லையைத் தாண்டியதுமே ஹங்கேரி ஜெண்டார்ம்களிடம், அதாவது ராணுவக் காவலர்களிடம், மாட்டினார். வானொலிக் கருவி கிடைத்துவிட்டது. அதற்கான சங்கேதத்தைச் சொல் என்று அடித்தார்கள். நாற்காலியில் கட்டி வைத்து, சவுக்கால், தடியால், நாள்கணக்காக. பல் உடைந்தது. சொல்லவில்லை.

பிறகு புடாபெஸ்ட்டுக்குக் கொண்டு போனார்கள். ஒருநாள் விசாரணை அறைக்குக் காத்தலினை வரவழைத்தார்கள். மகள் எங்கே இருக்கிறாள் தெரியுமா என்று கேட்டார்கள். பாலஸ்தீனத்தில் வயலில் வேலை செய்கிறாள் என்றுதான் அந்த அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து ஹன்னாவை உள்ளே இழுத்து வந்தார்கள். கண்ணைச் சுற்றிக் கன்றிய முகம், உடைந்த பல். மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். நீ சொல்லாவிட்டால் உன் கண் முன்னாலேயே இவளை வதைத்துக் கொல்வோம் என்பதுதான் மிரட்டல். அப்போதும் சொல்லவில்லை.

இந்த இழையைத் தொடங்கியதே இதற்காகத்தான். அவர் போனதில் ராணுவ லாபம் இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் அவர் கைவசம் மிஞ்சியிருந்த ஒரே பொருள் அந்தச் சங்கேதம். அம்மாவின் உயிரையே எதிரில் நிறுத்தியும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. மதிப்பிடுவது என்றால் அதை வைத்து மதிப்பிடுங்கள்.

சிற்றலை

நான் வானொலிப் பித்தன், அமெச்சூர் ரேடியோக்காரன். அந்தச் சங்கேதம் ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பதை விளக்குகிறேன். இது தெரியாவிட்டால் அவர் செய்தது வெறும் வைராக்கியமாகத் தோன்றும்.

பிடிபட்ட கருவியால் மட்டும் எதிரிக்குப் பயனில்லை. சங்கேதமும், எந்த நேரத்தில் எந்த அலைவரிசையில் பேச வேண்டும் என்ற அட்டவணையும் சேர்ந்தால்தான் அது ஆயுதம். அப்புறம் அந்த ஏஜெண்ட் இன்னும் சுதந்திரமாக இருப்பதுபோலவே எதிரி செய்தி அனுப்பலாம். இன்னும் ஆள் அனுப்புங்கள், ஆயுதம் அனுப்புங்கள், இன்ன வயலில் போடுங்கள் என்று கேட்கலாம். வருகிறவர்களைத் தரையிலேயே பிடித்துக்கொள்ளலாம்.

இது கற்பனை இல்லை. நெதர்லாந்தில் நடந்தது. 1942 மார்ச்சில் ஹூப் லாவெர்ஸ் என்ற எஸ்.ஓ.இ. வானொலி ஆள் பிடிபட்டார். ஜெர்மானியர் சொன்னபடி செய்தி அனுப்பினார், ஆனால் பிடிபட்டேன் என்று லண்டனுக்குப் புரியட்டும் என்று தன் பாதுகாப்பு அடையாளத்தை விட்டுவிட்டே அனுப்பினார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஆளும் செய்தியில் வேண்டுமென்றே ஒரு குறிப்பிட்ட பிழை வைப்பார்கள். பிழை இல்லை என்றால் ஆபத்து என்று அர்த்தம். லண்டன் கவனிக்கவில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஏஜெண்டுகள் ஒருவர் பின் ஒருவராக ஜெர்மானியர் காத்திருந்த வயல்களில் வந்து குதித்தார்கள். பெரும்பாலானவர்களை 1944 செப்டம்பரில் மவுட்ஹவுசன் முகாமில் கொன்றார்கள்.

ஹன்னா பிடிபட்டபோது அவருடைய தோழர்கள் யூகோஸ்லாவியாவிலும் மற்ற இடங்களிலும் உயிரோடு இருந்தார்கள். அவர் வாய் திறந்திருந்தால் செத்திருக்கக் கூடியவர்கள் யார், எத்தனை பேர் என்று பட்டியல் போட முடியாது. நடக்காமல் போன சாவுக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. ஒரு ஆள்கூடத் தப்பவில்லை என்று தறி எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய சிப்பாய்

சிற்றலை தம்பி எழுதியதில் எனக்கும் சம்மதம். தாக்குப்பிடிக்க வேண்டியது சில நாள்தான் என்று பல படைகளில் சொல்லித்தருவார்கள். அதற்குள் மற்றவர்கள் இடம் மாறிவிடுவார்கள் என்று கணக்கு. இந்தப் பெண் ஐந்து மாதம் தாங்கியிருக்கிறாள். என் மகளைவிடச் சின்னவள்.

யாழினி

காத்தலினைப் பற்றி யாராவது பேசுங்களேன். அவரைப் பற்றிப் படிக்கும்போதுதான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

நம்மூரில் இந்தக் கதையைச் சொன்னால் உடனே மகனுக்கு வேல் கொடுத்துப் போருக்கு அனுப்பிய சங்கப் பாட்டுத் தாயோடு சேர்த்துவிடுவார்கள். காத்தலின் யாரையும் அனுப்பவில்லை. மகள் போர்க்களத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது. புடாபெஸ்ட்டில் தன் வீட்டில் இருந்த ஒரு எழுத்தாளரின் விதவை. ஒரே நாளில் மகளைக் கண்டுபிடித்து, அதே நாளில் சிறைக்கும் போனார்.

இருவரையும் ஒரே சிறையில் வைத்திருந்தார்கள், தனித்தனி அறைகளில். ஹன்னா கண்ணாடித் துண்டால் வெளிச்சம் காட்டி அம்மாவைக் கூப்பிடுவார். காகிதத்தில் பெரிய எழுத்துகள் வெட்டி, ஒவ்வொன்றாக ஜன்னலில் பிடித்துச் சொல் கூட்டிப் பேசுவார். மற்ற கைதிகளும் அந்த எழுத்துகளில் செய்தி படிக்க ஆரம்பித்தார்கள். சிறையிலிருந்த குழந்தைகளுக்குக் காகிதப் பொம்மை செய்து கொடுத்தார். கொடுமையின் நடுவில் அம்மாவுக்கும் மகளுக்கும் அப்படிச் சில வாரங்கள் கிடைத்திருக்கின்றன.

செப்டம்பரில் காத்தலினை விடுதலை செய்தார்கள். வெளியே வந்தவர் மகளுக்கு வக்கீல் தேடினார், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்.

வழக்காடி

விசாரணையைப் பற்றிச் சொல்கிறேன்.

அக்டோபர் 15இல் ஹங்கேரியின் நாஜி ஆதரவுக் கட்சியான அம்புச் சிலுவைக் கட்சி ஜெர்மானியர் உதவியோடு ஹங்கேரி ஆட்சியைப் பிடித்தது. அக்டோபர் 28இல் ஹன்னா மீது ராணுவ நீதிமன்றத்தில் விசாரணை. குற்றச்சாட்டு தேசத்துரோகம். அவர் அப்போது பிரிட்டிஷ் படையைச் சேர்ந்தவர். ஆனால் ஹங்கேரி அவரைத் தன் குடிமகளாகவே நடத்தியது. அப்படி நடத்தினால்தான் துரோகம் என்று சொல்ல முடியும். எந்த நாடு அவரை யூதர் என்று ஒதுக்கித் தள்ளியதோ, அதே நாடு கொல்லும்போது மட்டும் நீ எங்கள் பிரஜை என்றது. சட்டம் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதைவிடக் கேவலமான வாதம் தெரியாது.

தீர்ப்பை எட்டு நாள் தள்ளி வைத்தார்கள். சோவியத் படை நெருங்கிக்கொண்டிருந்தது, நீதிபதிகளுக்கே நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம். நவம்பர் 7 காலை சைமன் என்ற ராணுவ வழக்கறிஞர் அறைக்கு வந்து, மரண தண்டனை என்று அறிவித்தார். கருணை மனு போடுகிறாயா என்று கேட்டார். உங்களிடம் கருணை கேட்க மாட்டேன் என்று ஹன்னா மறுத்தார். கடிதம் எழுத மட்டும் அவகாசம் வாங்கிக்கொண்டார். சிறை முற்றத்தில் சுட்டார்கள். கண்ணைக் கட்ட விடவில்லை.

அந்த நேரத்தில் காத்தலின் மகளைப் பார்க்க அனுமதி கேட்டு அதே சைமனைத் தேடி அலைந்துகொண்டிருந்தார். அவர் வாயாலேயே செய்தி கேட்டார். பிறகு கைக்கு வந்த ஹன்னாவின் உடையில், பையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று சிறையில் எழுதிய கவிதை. மற்றது அம்மாவுக்கு நாலு வரி.

ஏழு வாரத்தில், டிசம்பர் 26இல், சோவியத் படை புடாபெஸ்ட்டை முழுக்கச் சூழ்ந்துவிட்டது.

துரோகி என்ற அந்தக் குற்றச்சாட்டிலிருந்து ஹங்கேரியின் ராணுவ நீதிமன்றம் அவரை விடுவித்தது 1993இல். நாற்பத்தொன்பது ஆண்டு.

காயல்வாசி

எல்லாவற்றையும் மரியாதையோடுதான் படித்தேன். ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. ஹன்னா தங்கியிருந்த ஸ்தோத் யாமுக்குப் பக்கத்திலேயே கிசார்யா என்ற அரபு ஊர் இருந்தது. 1948 பிப்ரவரியில் அங்கிருந்த மக்களை வெளியேற்றி வீடுகளை இடித்தார்கள். ஹன்னா கவிதை எழுதிய அதே கடற்கரை. இன்று அவரை நாட்டின் சின்னமாக வைத்துப் பேசும் எந்த விழாவிலும் அந்த ஊர்ப்பெயர் வருவதில்லை. நாம் பேசும்போதாவது வரட்டும்.

நெய்தல்

வரத்தான் வேண்டும், சகோதரா. எழுதியதற்கு நன்றி. ஹன்னா 1944இலேயே கொல்லப்பட்டவர்; அந்தக் காரியத்தில் அவருக்குப் பங்கு இல்லை. ஆனால் அவர் பெயரை ஒரு அரசு எதற்கெல்லாம் பயன்படுத்துகிறது என்பது வேறு விஷயம், அதைக் கேள்வி கேட்பது சரிதான். 1950இல் அவருடைய எலும்புகளை எருசலேமின் ஹெர்சல் குன்றுக்குக் கொண்டு வந்து புதைத்ததே ஒரு புதிய நாடு தனக்கு வீரர்களைத் தேடிய காலத்தில்தான். நாட்குறிப்பு எழுதிய பெண்ணை அந்தப் பீடத்திலிருந்து இறக்கிப் பார்க்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

தறி

சரி, கஸ்ட்னரைப் பற்றி யாரும் பேசவில்லையே? பொறுப்பு என்று நான் கேட்டதே அதற்குத்தான்.

ஆற்றங்கரை

சுருக்கமாக. ருடால்ஃப் கஸ்ட்னர் புடாபெஸ்ட்டில் யூத மீட்புக் குழுவின் தலைவர்களில் ஒருவர். யூதர்களை ரயிலேற்றும் வேலையை நடத்திய நாஜி அதிகாரி ஐக்மனோடு பேரம் பேசி, சுமார் 1,680 பேரை ஒரு ரயிலில் வெளியேற்றினார். ஹன்னாவுக்குப் பின்னால் வந்த குழுத் தோழர்கள் யோயல் பால்கியும் பெரெட்ஸ் கோல்ட்ஸ்டீனும் ஜூனில் அவரைத்தான் தேடிப் போனார்கள். பேரத்துக்கு இவர்களால் ஆபத்து என்ற நிலை வந்தது, இருவரும் ஜெர்மானியர் கையில் சிக்கினார்கள். பால்கி பிறகு தப்பினார். கோல்ட்ஸ்டீன் முகாமில் செத்தார்.

போருக்குப் பிறகு இஸ்ரேலில் கஸ்ட்னர் மீது துரோகி என்று ஒருவர் எழுத, அது அவதூறு வழக்காகி 1954இல் பெரிய விசாரணையாக வெடித்தது. காத்தலின் சாட்சி சொன்னார். மகளைக் காப்பாற்ற உதவி கேட்டு கஸ்ட்னரைப் பார்க்கத் திரும்பத் திரும்பப் போனேன், பார்க்கவே முடியவில்லை என்றார். கீழ் நீதிமன்றம் கஸ்ட்னரைக் கடுமையாகக் கண்டித்தது. 1957 மார்ச்சில் அவரைச் சுட்டார்கள், இறந்துபோனார். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தக் கண்டனத்தின் பெரும்பகுதியை நீக்கியது.

என் கருத்து: ஆயிரத்தறுநூறு பேரைக் காப்பாற்றியவரையும் ஒரு சங்கேதத்தைக் காத்துச் செத்தவரையும் எதிரெதிரே நிறுத்தியதே அந்த வழக்கு செய்த கெடுதல். அவரவருக்கு வாய்த்த நரகம் வேறு வேறு. ஆனால் ஒரு தாய் கதவைத் தட்டியபோது திறந்து, என்னால் முடியாது என்றாவது சொல்லியிருக்கலாம். அதை நான் மன்னிக்க மாட்டேன்.

தறி

இதை எதிர்பார்க்கவில்லை, ஆனால் ஒத்துக்கொள்கிறேன்: அவர் தாங்கியதற்கும் அனுப்பியவர்கள் பதில் சொல்வதற்கும் தனித்தனி ஏடு வைக்க வேண்டும். இரண்டாவது ஏடு இன்னும் திறந்தே இருக்கட்டும்.

யாழினி

காத்தலின் பிழைத்தாரா என்று தனி மடலில் இருவர் கேட்டார்கள். பிழைத்தார். நவம்பரில் ஆஸ்திரியா நோக்கி நடக்க வைத்து ஓட்டிப் போன கூட்டத்திலிருந்து தப்பி ஒளிந்தார். போர் முடிந்ததும் மகனிடம் பாலஸ்தீனம் போய்ச் சேர்ந்தார். 1992 வரை இருந்தார். மகளைத் துரோகி இல்லை என்று ஹங்கேரி சொன்னதைக் கேட்க அவருக்கு ஒரு வருடம் போதவில்லை.

நெய்தல்

இதே குழுவில் இன்னொரு பெண், ஹவிவா ரெய்க். ஸ்லோவாக்கியாவில் வளர்ந்தவர். 1944 செப்டம்பரில், ஸ்லோவாக்கியாவில் நாஜிகளுக்கு எதிரான எழுச்சி நடந்துகொண்டிருந்தபோது, அங்கே போய் இறங்கினார். அகதிகளுக்குச் சமையற்கூடம் நடத்தினார், விமானிகளைத் தப்ப வைத்தார். எழுச்சி நசுங்கியதும் மலைக்குப் போன இடத்தில் பிடிபட்டு, நவம்பர் 20 அன்று கிரெம்னிச்காவில் கொல்லப்பட்டார். ஹன்னாவுக்கு இரண்டு வாரம் கழித்து. கவிதை எதுவும் விட்டுப் போகாததாலோ என்னவோ, அவரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அவருக்குத் தனி இழை தொடங்குகிறேன். பழைய சிப்பாய் ஐயா, சிற்றலை, நீங்கள் இருவரும் அங்கே வர வேண்டும்.